மண்ணுக்குள் சிக்கிய பெட்ரோல்: லிவர்மோரில் நிலத்தடி கொதித்த கதை

நிலத்துக்கடியில் புதைக்கப்பட்ட பெட்ரோல் தொட்டி கசிந்தது தெரியவந்ததும் எத்தனை லிட்டர் போயிற்று என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். இழப்பைக் கணக்கிடும் நிறுவனத்துக்கு அந்தக் கேள்வி போதும். அந்த நிலத்தைத் தூய்மைப்படுத்த வேண்டிய பொறியாளருக்குப் போதாது. கசிந்தது மண்ணின் எந்த அடுக்கில், எந்த நிலையில் தங்கியிருக்கிறது என்பதை அறியாமல் அவரால் ஒரு குழாயைக்கூடச் சரியான ஆழத்தில் இறக்க முடியாது. இதை அறியாமல், அல்லது அறிந்தும் வேறு வழி தெரியாமல், மாசுபட்ட தண்ணீரைப் பல ஆண்டுகள் இறைத்துக்கொண்டே இருந்த தொழில் வளாகங்கள் உலகில் ஏராளம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்திலுள்ள லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுக்கூடம் தன் வளாகத்திலேயே நேர்ந்த பெட்ரோல் கசிவை அகற்ற 1993இல் மேற்கொண்ட பணி இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டது என்பதாலும், அதன் ஒவ்வொரு கட்டமும் அளந்து பதிவு செய்யப்பட்டது என்பதாலும், இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது.

பெட்ரோல் என்பது தனியொரு பொருள் அன்று; கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கலவை. அவற்றுள் நிலத்தடி நீரைப் பொறுத்தவரை அதிகம் கவனிக்கப்படுபவை பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகிய நான்கும் ஆகும். மற்றவற்றோடு ஒப்பிடும்போது இவை தண்ணீரில் எளிதாகக் கரைகின்றன. இந்த நால்வரில் பென்சீன்தான் கொடியது. அது மனிதருக்கு இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டிருக்கிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் லட்சத்தில் ஒரு பங்கு, என்பதை உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டு அளவாக வைத்திருக்கிறது. அமெரிக்க மத்திய அரசின் வரம்பு அதிலும் பாதி.

தொட்டியிலிருந்து வெளியேறும் பெட்ரோல் புவியீர்ப்பால் கீழே இறங்கும்போது, வழியிலுள்ள மண்துகள்களின் இடைவெளிகளில் ஒரு பகுதியை விட்டுவிட்டே செல்கிறது. நீர்மட்டத்தை, அதாவது மண்ணின் இடைவெளிகள் முழுவதும் தண்ணீரால் நிரம்பத் தொடங்கும் ஆழத்தை, எட்டியதும் தண்ணீரைவிட இலேசானது என்பதால் அதற்கு மேல் இறங்காமல் பக்கவாட்டில் பரவுகிறது. ஆகவே ஒரே கசிவு நான்கு வடிவங்களில் நிலத்துக்குள் இருக்கிறது: நீர்மட்டத்தின் மேல் மிதக்கும் திரவம், துகள்களுக்கிடையே நுண்துளி துளியாகச் சிக்கிக்கொண்ட எச்சம், தண்ணீரில் கரைந்த பகுதி, மண்ணின் காற்றில் கலந்த ஆவி. மிதப்பதைக் குழாய் வைத்து உறிஞ்சிவிடலாம், கரைந்ததை இறைத்துவிடலாம், ஆவியைக் காற்றோடு இழுத்துவிடலாம். சிக்கிக்கொண்ட எச்சம்தான் எதற்கும் அசைந்து கொடுக்காமல், மற்ற மூன்றையும் ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் உற்பத்தி செய்துகொண்டிருப்பது. மழைக்காலத்தில் நீர்மட்டம் உயர்வதும் கோடையில் தாழ்வதும் இந்த எச்சத்தை மேலும் கீழுமாகப் பூசிவிடுவதால், மெல்லிய படலமாக இருந்திருக்க வேண்டியது பல அடி தடிமனுள்ள மாசு அடுக்காகிவிடுகிறது.

லிவர்மோரில் நேர்ந்தது இதுவே, ஆனால் மோசமான வடிவில். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படை விமானிகளின் பயிற்சித் தளமாக இருந்த அந்த இடத்தில் 1952இல் அணு ஆயுத ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. வளாக வண்டிகளுக்கு எரிபொருள் நிரப்பும் நிலையத்தின் நிலத்தடித் தொட்டிகளிலிருந்து 1979 வரையிலான காலத்தில் சுமார் 17,000 கேலன், அதாவது ஏறத்தாழ 64,000 லிட்டர் பெட்ரோல் கசிந்திருக்கக்கூடும் என்று மதிப்பிடப்பட்டது. அங்கே நீர்மட்டம் சுமார் 30 மீட்டர் ஆழத்தில் இருந்தது. கசிவுக்குப் பின் நீர்மட்டம் உயரவே, மேலே மிதக்க வேண்டிய பெட்ரோல் துளிகள் இருந்த இடத்திலேயே மூழ்கடிக்கப்பட்டு, நீர்மட்டத்துக்குக் கீழே சுமார் 9 மீட்டர் ஆழம்வரை சிறைப்பட்டுப்போயின. வேறு கரைப்பான் மாசுகளும் வளாகத்தில் இருந்ததால், 1987இல் அந்த ஆய்வுக்கூடம் நாட்டின் மிக மோசமான மாசுத் தளங்களின் தேசிய முன்னுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இத்தகைய இடங்களில் அந்நாளைய வழக்கமான மருந்து, கிணறு தோண்டி மாசுபட்ட நீரை இறைத்து, மேலே கொண்டுவந்து சுத்திகரிப்பதுதான். அது ஏன் தோற்கிறது என்பதை எளிய கணக்கு ஒன்று காட்டிவிடும். பெட்ரோலில் நூற்றில் ஒரு பங்கு பென்சீன் இருப்பதாகக் கொண்டால், ஒரு லிட்டரில் ஏறக்குறைய 9 கிராம் பென்சீன் இருக்கும். அந்த 9 கிராமை அமெரிக்க வரம்புக்குக் கீழே வரும்வரை நீர்த்துப்போகச் செய்ய 17 லட்சம் லிட்டருக்கும் அதிகமான தண்ணீர் தேவைப்படும். இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. சிக்கிய துளிகள் அருகில் ஓடும் நீரில் தம்மைச் சிறிது சிறிதாகவே கரைத்துக்கொடுக்கின்றன. களிமண் அடுக்கினுள் ஊடுருவிப்போன மாசு அதனினும் மெதுவாக வெளியே கசிகிறது. பம்பு ஓடும்வரை கிணற்று நீரில் பென்சீன் குறைந்துகொண்டே வருவதும், பணி முடிந்தது என்று பம்பை நிறுத்திய சில மாதங்களில் பழைய அளவை நோக்கி ஏறுவதும் இத்துறையினர் அனைவரும் கண்டு சலித்த காட்சி. இறைப்பது பயனற்றது என்று சொல்வதற்கில்லை. மாசு அண்டை நிலத்துக்கோ குடிநீர்க் கிணற்றுக்கோ பரவாமல் தடுத்து நிறுத்துவதற்கு அது நல்ல வேலி. வேலியைத் துப்புரவு என்று கணக்குக் காட்டுவதுதான் தவறு.

மண்ணைத் தோண்டி எடுத்து அப்புறப்படுத்துவது சில மீட்டர் ஆழத்துக்கு மட்டுமே கட்டுப்படியாகும். கட்டடங்களுக்கு அடியில் அதுவும் இயலாது. நீர்மட்டத்துக்கு மேலுள்ள உலர்ந்த மண்ணுக்கு, கிணறுகளில் வெற்றிட பம்பு பொருத்தி மண்காற்றோடு பெட்ரோல் ஆவியை இழுக்கும் முறை நன்றாகவே வேலை செய்கிறது. லிவர்மோரிலும் முதலில் கையாளப்பட்டது அதுதான். ஆயினும் தண்ணீருக்கடியில் மூழ்கிய துளிகளை அந்தக் காற்று தொடுவதில்லை. நீருக்குள் காற்றைச் செலுத்திக் குமிழ்களாக மேலெழச் செய்து ஆவியைப் பிடிக்கும் முறையும் உண்டு என்றாலும், குமிழ்கள் எளிய வழியைத் தேடிச் சரளையினூடே மேலேறிவிடுவதால் களிமண் அடுக்குகளுக்குள் அவை நுழைவதில்லை.

பெட்ரோலியக் கிணறுகளில் கெட்டியான கச்சா எண்ணெயை இளக்கி வெளிக்கொணர நீராவி செலுத்துவது கலிஃபோர்னியாவின் எண்ணெய் வயல்களில் நெடுநாளைய வழக்கம். அதே உத்தியை மாசு நீக்கத்துக்குத் திருப்பலாம் என்று ஆராய்ந்தவர் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பொறியியல் பேராசிரியர் கென்ட் உடெல்; லிவர்மோர் ஆய்வுக்கூடத்தின் ராஜர் ஐன்ஸ், ராபின் நியூமார்க் ஆகியோரின் குழு அவருடன் சேர்ந்து அதைத் தம் வளாகத்துக்கு ஏற்ற முழு முறையாக வளர்த்தது. மாசுபட்ட பகுதியைச் சுற்றிலும் கிணறுகள் அமைத்து நீராவியைச் செலுத்துவது, நடுவில் அமைந்த கிணறுகளால் நீரையும் ஆவியையும் உறிஞ்சுவது என்பதே அதன் அடிப்படை. வெளியிலிருந்து உள்நோக்கி நகரும் நீராவியின் முகப்பு, தன் வழியிலுள்ள பெட்ரோலை ஆவியாக்கி முன்னே தள்ளிக்கொண்டு செல்லும். சுற்றிலும் வளைத்து உள்ளே தள்ளுவதால் மாசு வெளியே தப்பிப்போக இடமில்லை. இந்த அமைப்புத்தான் முறையின் உயிர் எனலாம்.

இங்கே ஓர் இயற்பியல் விந்தை துணைக்கு வருகிறது. சைலீன் தனியாக இருந்தால் ஏறக்குறைய 140 பாகை செல்சியசில்தான் கொதிக்கும். ஆனால் ஒன்றோடொன்று கலக்காத இரு திரவங்கள் சேர்ந்திருக்கும்போது இரண்டின் ஆவியழுத்தங்களும் ஒன்றுசேர்வதால், சைலீனும் தண்ணீரும் சேர்ந்து 100 பாகைக்குக் கீழேயே கொதிக்கத் தொடங்குகின்றன. பூக்களிலிருந்தும் புல்லிலிருந்தும் நறுமண எண்ணெய் வடிப்பவர்கள் பன்னெடுங்காலமாகப் பயன்படுத்தும் நெறி இது. நீராவி செலுத்துவதை இடையில் நிறுத்திவிட்டு வெற்றிட பம்பை மட்டும் ஓட்டினால், அழுத்தம் குறைவதால் சூடேறிய மண்ணிலுள்ள நீர் ஆங்காங்கே தானாகவே கொதித்து, துகள்களின் இடைவெளிக்குள் ஒளிந்திருந்த துளிகளையும் ஆவியோடு வெளியேற்றுகிறது.

எஞ்சியது களிமண். லிவர்மோர் பள்ளத்தாக்கு பழைய ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய சரளையும் மணலும் வண்டலும் களிமண்ணும் மாறி மாறி அடுக்கப்பட்ட நிலம். நீராவியோ சரளையும் மணலும் உள்ள அடுக்குகளில் பாய்ந்து, இறுகிய களிமண்ணைச் சுற்றிக்கொண்டு போய்விடும். மின்சாரத்தின் இயல்பு இதற்கு நேர்மாறானது. ஈரமும் உப்பணுக்களும் நிறைந்த களிமண்தான் அதற்கு எளிய வழி என்பதால், மின்முனைகளை நிலத்தில் இறக்கி மின்னோட்டம் செலுத்தினால் நீராவி தொடாத அதே அடுக்குகள் உள்ளிருந்தே சூடாகின்றன. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும் இந்த இணைப்பே லிவர்மோர் முறையின் தனிச்சிறப்பு. தனித்தனியாக இரண்டும் முன்பே அறியப்பட்டவை. மண்ணின் மின்தடை வெப்பத்தால் மாறும் என்பதைப் பயன்படுத்தி, கிணறுகளுக்கிடையே மின்தடையை அளந்து நிலத்தடியின் குறுக்குவெட்டுப் படங்களைக் கணினியில் வரைந்துகொண்டார்கள்; மருத்துவமனையில் எடுக்கும் சி.டி. ஸ்கேனுக்கு ஒப்பான இந்தப் படங்கள், நீராவி அன்று எதுவரை சென்றிருக்கிறது, எந்த மூலை குளிர்ந்தே கிடக்கிறது என்பதை வேலை நடக்கும்போதே காட்டின. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கும் பணியில் இது சிறிய வசதி அன்று. குளிர்ந்த மூலை தெரிந்ததால்தான் நீராவியை எந்தக் கிணற்றில் கூட்டுவது, எதில் குறைப்பது என்று தீர்மானிக்க முடிந்தது.

1993ஆம் ஆண்டின் முற்பகுதியில் நீராவி செலுத்தும் முதல் கட்டமும் கோடையை ஒட்டி இரண்டாம் கட்டமும் நடந்தன. சுமார் 76,000 கன மீட்டர் மண் நீரின் கொதிநிலையை ஒட்டிய வெப்பத்துக்குக் கொண்டுவரப்பட்டது. மேலே வந்த ஆவி குளிர்விக்கப்பட்டுத் திரவப் பெட்ரோல் தனியே பிரிக்கப்பட, குளிராத ஆவி எஞ்சின்களில் எரிக்கப்பட்டது. நிலத்துக்குள் சுமார் 6,200 கேலன் பெட்ரோல் எஞ்சியிருக்கும் என்பது பணிக்கு முந்தைய மதிப்பீடு. வெளியே வந்ததோ சுமார் 7,600 கேலன், ஏறத்தாழ 28,800 லிட்டர். இருந்ததாகக் கருதியதைவிட எடுத்தது அதிகம் என்பதை வெற்றிச் செய்தியாகச் சொல்வது வழக்கம். மாதிரிக் கிணறுகளை நெருக்கமாகத் தோண்டி, நாட்டின் முதன்மையான அறிவியலாளர்கள் அளந்த இடத்திலேயே மதிப்பீடு இவ்வளவு தவறியதென்றால், இரண்டு மூன்று கிணறுகளை வைத்துக்கொண்டு எழுதப்படும் சாதாரண ஆய்வறிக்கைகளின் எண்களை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வியும் அதே செய்தியில் அடங்கியிருக்கிறது.

நிலத்தைக் கொதிக்கவைத்தால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் அழிந்து மண் மலடாகிவிடும் என்ற அச்சம் முதலில் இருந்தது. பிறகு எடுத்த மாதிரிகளில் வெப்பத்தை விரும்பும் நுண்ணுயிர்கள் உயிரோடு பெருகியிருக்கக் காணப்பட்டது வியப்புக்குரியது, ஆறுதலளிப்பதும்கூட. ஏனெனில் பெட்ரோலை உணவாக்கிச் சிதைக்கும் நுண்ணுயிர்கள்தாம் எந்தத் துப்புரவிலும் கடைசிக் கட்டப் பணியாளர்கள். அவற்றுக்கும் எல்லை உண்டு. ஒரு கிலோ பெட்ரோலைக் கரியமில வாயுவாகவும் நீராகவும் முழுமையாகச் சிதைக்க மூன்று கிலோவுக்கும் அதிகமான ஆக்சிஜன் வேண்டும். காற்றோடு கலந்த ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோ 8, 9 மில்லிகிராம்தான். ஆகவே ஒரு கிலோவுக்கு மூன்று லட்சம் லிட்டருக்கு மேல் புதிய நீர் வந்து சேர வேண்டும் என்றாகிறது. ஆக்சிஜன் தீர்ந்த இடத்தில் நைட்ரேட், இரும்பு, சல்பேட் ஆகியவற்றைக் கொண்டு வேறுவகை நுண்ணுயிர்கள் பணியைத் தொடர்கின்றன, ஆனால் மெதுவாக. எனவே பெரும்பகுதியை வெப்பத்தால் எடுத்துவிட்டு, கரைந்து எஞ்சிய சிறு பகுதியை நுண்ணுயிர்களிடம் விடுவதே அறிவார்ந்த பங்கீடு. லிவர்மோரிலும் அதுவே நடந்தது. பெட்ரோல் மாசுக்காக அந்த இடத்தில் நிலத்தடி நீரை மேலும் இறைத்துச் சுத்திகரிக்கத் தேவையில்லை என்பதை ஒழுங்குமுறை அமைப்புகள் 1996இல் ஏற்றுக்கொண்டன.

இதே ஆய்வுக்கூடத்தினர் 1995இல் வெளியிட்ட மற்றோர் அறிக்கை எதிர்த்திசையில் பேசியதாகத் தோன்றியது. கலிஃபோர்னியாவில் கசிந்த நிலத்தடித் தொட்டிகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, பெரும்பாலான இடங்களில் பென்சீன் கலந்த நீர் கசிவிடத்திலிருந்து 250 அடியைத் தாண்டிச் செல்வதில்லை என்றும், நுண்ணுயிர்களே அதைச் சிதைத்து எல்லைக்குள் நிறுத்திவிடுகின்றன என்றும், ஆகவே குடிநீர்க் கிணறுகள் அருகில் இல்லாத இடங்களில் பெரும்பணம் செலவிட்டு இறைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்றும் அது கூறியது. கூறியது சரியே. ஆனால் அது பென்சீனைப் பற்றிய உண்மை. பெட்ரோலில் அப்போது பென்சீன் மட்டும் இருக்கவில்லை. புகையைக் குறைப்பதற்காக எம்.டி.பி.இ. என்னும் ஆக்சிஜன் சேர்ந்த வேதிப்பொருள் அக்காலத்தில் பெட்ரோலில் கலக்கப்பட்டுவந்தது. அது நீரில் பென்சீனைப் போலப் பல மடங்கு கரையும், மண்ணில் ஒட்டாது, நுண்ணுயிர்களுக்கும் எளிதில் செரிக்காது. 1996இல் சாண்டா மோனிகா நகரம் அந்தப் பொருள் கலந்த கிணறுகளை மூடியபோது, நகரின் குடிநீர் வழங்கலில் ஏறக்குறைய பாதியை இழந்தது. காற்றைக் காக்கச் சேர்த்தது தண்ணீரைக் கெடுத்த இந்த முரணுக்குப் பிறகு, 1999இல் அம்மாநில ஆளுநர் அப்பொருளைப் படிப்படியாக நீக்க உத்தரவிட்டார். இயற்கை பார்த்துக்கொள்ளும் என்ற முடிவை, கசிந்த பொருளின் உட்கூறுகளை ஒவ்வொன்றாக அறிந்த பிறகே எடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நீராவியும் மின்சாரமும் எல்லா இடத்துக்கும் உரியவை அல்ல. கொதிகலன்களும் உறிஞ்சும் கிணறுகளும் ஆவியைக் கையாளும் ஆலையும் சேர்ந்து அது ஒரு சிறு தொழிற்சாலைக்குச் சமமான ஏற்பாடு. ஆழமாகவும் அடர்ந்தும் மாசு இருக்கும் பெரிய வளாகங்களில்தான் அந்தச் செலவு நியாயமாகும். சில நூறு லிட்டர் கசிந்த தெருமுனைப் பெட்ரோல் பங்குக்கு மண்ணைத் தோண்டுவதும் ஆவியை உறிஞ்சுவதும் கண்காணிப்புமே போதும். பாறை நிலத்திலோ எல்லாக் கணக்கும் மாறும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுன்னாகத்தில் அனல்மின் நிலையத்திலிருந்து வெளியேறிய எண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்தபோது அது பரவியது சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும். அங்கே மாசு மண்ணில் நகர்வதைப் போல மெல்லவும் ஒழுங்காகவும் நகர்வதில்லை. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத அந்தக் குடாநாடு நிலத்தடி நீரையே நம்பியிருக்கிறது. இலங்கை உச்ச நீதிமன்றம் 2019இல் மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சென்னைத் தண்டையார்பேட்டையில் தெருக்களுக்கடியில் செல்லும் எண்ணெய்க் குழாயின் கசிவு 2013இல் வீடுகளின் நிலத்தடி நீரில் எண்ணெயாகத் தலைகாட்டியதையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். இரண்டு இடங்களிலும் கசிவை முதலில் கண்டுபிடித்தவை நிறுவனங்களின் கருவிகள் அல்ல, மக்களின் கிணறுகளும் அடிபம்புகளுமே.

அமெரிக்கா 1988இல் நிலத்தடி எரிபொருள் தொட்டிகளுக்கான விதிகளை வகுத்து, துருப்பிடிக்காத பாதுகாப்பும் நிரம்பி வழியாமல் தடுக்கும் அமைப்பும் இல்லாத பழைய தொட்டிகளை மாற்றவோ மூடவோ 1998 டிசம்பர் வரை காலம் கொடுத்தது. லிவர்மோரில் நிலத்தைக் கொதிக்கவைத்து எடுத்த ஒவ்வொரு லிட்டரின் செலவோடு ஒப்பிட்டால், இரட்டைச் சுவர்த் தொட்டியும் அதன் நடுவே வைக்கும் கசிவு உணரியும் மிக மலிவானவை.

கிணற்று நீரில் பெட்ரோல் வாடை அடித்தால், அதைக் காய்ச்சிக் குடிப்பது தீர்வாகாது. காய்ச்சும்போது பென்சீன் ஆவியாகிச் சமையலறைக் காற்றில் கலக்கும். கிணற்றருகே நெருப்பைக் கொண்டுசெல்லக் கூடாது. பென்சீன் மட்டும் தனியாகக் கலந்திருந்தால் அது நாவுக்கோ மூக்குக்கோ புலப்படும் அளவு, குடிநீர் வரம்பைப் போல நூறு மடங்கும் அதற்கு மேலும் ஆகும் என்பதால், சில நாளில் வாடை நின்றுவிட்டது என்று மீண்டும் அந்த நீரைப் புழங்கத் தொடங்குவதும் தவறு. நீரை உடனே ஆய்வுக்கூடத்தில் சோதிக்கக் கொடுத்து, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் உள்ளாட்சி அமைப்புக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, அந்தக் கடிதத்தின் நகலைப் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டும்.